காப்பர் டி போட்டிருக்கிறேன், நாப்கின் ஒத்துக்கொள்ளவில்லை... கப்பா, துணியா?

திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் 31 வயது வாசகி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். நீளமான கடிதம், சாரம் இதுதான்.

இரண்டரை வயதில் ஒரு மகன். பிரசவம் முடிந்த கையோடு மருத்துவமனையிலேயே காப்பர் டி (கர்ப்பப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம், லூப் என்றும் சொல்வார்கள்) போட்டுவிட்டார்கள். தாய்ப்பால் நிறுத்தி, பீரியட்ஸ் மாதாமாதம் வர ஆரம்பித்ததிலிருந்தே போக்கு அதிகம். முதல் மூன்று நாளும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேடு, மொத்தம் ஏழெட்டு நாள் இழுக்கிறது. ஒன்றரை ஷிப்ட் நாட்களில் காலை எட்டரைக்கு உள்ளே போனால் வெளியே வர இரவு எட்டரை ஆகிவிடும், அத்தனை நேரமும் பேடோடு உட்கார்ந்து எழுந்து தொடை இடுக்கெல்லாம் புண், அரிப்பு. பவுடர் போட்டுப் பார்த்தார், டெட்டால் கலந்த தண்ணீரில் கழுவிப் பார்த்தார், கூடித்தான் போனது. "நாப்கின்ல இருக்கிற கெமிக்கலால கர்ப்பப்பையில கேன்சர் வருமாமே, எனக்கு இவ்வளவு போறதும் அதனாலயா? கப் வெச்சா குறையுமா?" என்று கேட்கிறார். கப் என்பது மாதவிடாய் ரத்தத்தைப் பிடிக்கப் பிறப்புறுப்புக்குள் வைக்கும் சிறு கிண்ணம். கம்பெனி வேஸ்ட் துணியில் தானே பேடு தைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்கிறார், ஆனால் அந்தத் துணியை மொட்டை மாடியில் காயப்போடக் கூடாது என்று அவருடைய அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். கோவையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் 19 வயதுத் தங்கைக்கும் கப் வாங்க ஆசை, "கல்யாணம் ஆகாத பொண்ணு அதையெல்லாம் உள்ளே வைக்கிறதா?" என்று அம்மா ஒரே சண்டை. கூட வேலை செய்யும் தோழி ஒரே ஒரு தடவை வைத்துவிட்டு ஒத்துவராமல் எடுத்துவைத்த கப்பைத் தருகிறேன் என்கிறாராம், வாங்கிக்கொள்ளலாமா என்பது கடைசிக் கேள்வி.

அன்புச் சகோதரிக்கு,

அரிப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேடு என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். என்னை அதிகம் யோசிக்கவைத்தது அந்த ஒரு வரிதான். கப்பா துணியா என்பதற்கு முன்னால் அதைப் பேசிவிடுவோம்.

ஒரு மாதவிடாயில் சாதாரணமாகப் போகும் ரத்தம் 30 முதல் 40 மில்லி வரை. 80 மில்லியைத் தாண்டினால் அதிகப்போக்கு என்போம். யாரும் வீட்டில் அளந்து பார்ப்பதில்லை, அதனால் அறிகுறியை வைத்துத்தான் கணக்கு: ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் பேடு முழுக்க நனைவது, பத்து ரூபாய் காசைவிடப் பெரிய கட்டிகள் விழுவது, ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது, ராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருப்பது. இதில் இரண்டு உங்களுக்கு இருக்கின்றன. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, மதியத்துக்கு மேல் தலை சுற்றுகிறதா என்பதை நீங்கள் எழுதவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதனால் முதல் வேலையாக ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள்.

இந்தப் போக்குக்கு நாப்கின் காரணம் இல்லை. வெளியே வைக்கிற ஒரு பொருள் கர்ப்பப்பைக்குள் இருந்து வரும் ரத்தத்தைக் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. கப்பும் அப்படித்தான், வருவதைப் பிடித்துவைக்கும், அவ்வளவே. கப் வைத்த பிறகு குறைந்த மாதிரி இருக்கிறது என்று சிலர் சொல்வது, ஈரமும் வாடையும் தெரியாமல் இருப்பதால் வருகிற உணர்வு. உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது காப்பர் டியைத்தான். போக்கையும் வலியையும் கூட்டுவது அதன் தெரிந்த பக்கவிளைவு. பலருக்கு முதல் ஆறு மாதத்தில் ஓரளவு அடங்கிவிடும், உங்களுக்கு அடங்கவில்லை. பிரசவத்தை ஒட்டி உடனே போட்ட லூப் கொஞ்சம் நகர்ந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. ஒரு ஸ்கேன் எடுத்தால் அது இடத்தில் இருக்கிறதா, ஃபைப்ராய்டு கட்டி ஏதும் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

"போட்டுவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் விளக்கிச் சொல்லி, நீங்கள் சரி என்ற பிறகுதான் அதைப் போட்டிருக்க வேண்டும். இப்போது எடுத்துவிட வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், கேட்டால் போதும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்து தேவையில்லை. ஆனால் எடுத்த அன்றே கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பு திரும்பிவிடும் என்பதால், அடுத்த கருத்தடை முறை என்ன என்பதை முடிவு செய்துகொண்டு போங்கள். எடுக்காமலேயே போக்கைக் குறைக்க மாத்திரைகள் இருக்கின்றன, எடுப்பதானால் அதற்குப் பதிலாகப் போட ஹார்மோன் லூப் என்று ஒரு வகையும் இருக்கிறது, அது போக்கை நன்றாகவே குறைக்கும்.

கேன்சர் பயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். நாப்கினால் கர்ப்பப்பைப் புற்றுநோய் வருவதாக எந்த ஆதாரமும் இல்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணம் எச்பிவி என்ற வைரஸ். உங்களுக்கு 31 வயது, அதாவது அதற்கான பரிசோதனை செய்துகொள்ளும் வயது வந்துவிட்டது. அரசு மருத்துவமனைகளில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய சோதனையை இலவசமாகச் செய்கிறார்கள். காப்பர் டியைப் பார்க்கப் போகும் அன்றே அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

புண் விஷயம்: ஈரம், உராய்வு, மேலே இருக்கும் செயற்கை வலை, வாசனை சேர்த்த பேடு என்றால் அந்த வாசனைப் பொருள், எல்லாம் சேர்ந்து தோலைக் கெடுத்திருக்கிறது. அதன் மேல் பவுடரும் டெட்டாலும் எரிச்சலைக் கூட்டிவிட்டன. இரண்டையும் இன்றே நிறுத்துங்கள், வெறும் தண்ணீர் போதும். தயிர்த் திப்பி மாதிரி வெள்ளைப்படுதலோடு அரிப்பும் இருந்தால் அது பூஞ்சைத் தொற்று, மருந்து வேண்டும். அந்தப் புண் ஆறும்வரை கப் பேச்சே வேண்டாம்.

காப்பர் டி இருக்கும்போது கப் வைக்கலாமா?

வைக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். வைத்தால் ஒன்றும் ஆகாது என்று வீடியோவில் சொல்கிறார்களே, அதையும் ஒப்புக்கொள்ளமாட்டேன். காப்பர் டி கர்ப்பப்பைக்குள் இருக்கிறது, கப் அதற்குக் கீழே பிறப்புறுப்புப் பாதையில் உட்காருகிறது, இரண்டும் ஒன்றையொன்று தொடாது என்பது பாதி உண்மைதான், ஏனென்றால் காப்பர் டியின் நூல் கர்ப்பப்பை வாய் வழியாகக் கீழே தொங்குகிறது. கப்பை எடுக்கும்போது நூலும் விரலில் மாட்டி இழுபடலாம். அதைவிட முக்கியமாக, கப் உள்ளே ஒட்டிக்கொண்டு நிற்பது காற்றழுத்தப் பிடிமானத்தால். அந்தப் பிடியை விடுவிக்காமல் அடியில் இருக்கும் காம்பைப் பிடித்து இழுத்தால் மேலே இருக்கிற லூப்பும் சேர்ந்து நகர வாய்ப்பு இருக்கிறது. கப் பயன்படுத்துபவர்களுக்கு லூப் வெளியே வந்துவிட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. வந்தது தெரியாமல் போனால்தான் கஷ்டம், கருத்தடை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது கர்ப்பம் ஆகிவிடும்.

ஆகவே உங்களுக்கு என் யோசனை இதுதான். லூப்பை வைத்துக்கொள்வதா எடுப்பதா என்பது முடிவாகும் வரை கப் வாங்க வேண்டாம். வைத்துக்கொள்வது என்று முடிவானால், நூலைக் கட்டையாக வெட்டிவிடச் சொல்லுங்கள், கப் பயன்படுத்தப் போவதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், ஒவ்வொரு மாதமும் பீரியட்ஸ் முடிந்ததும் விரலால் நூல் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். நூல் தட்டுப்படவில்லை, அல்லது முன்பைவிட நீளமாகத் தெரிகிறது என்றால், ஆணுறை பயன்படுத்திக்கொண்டு ஸ்கேனுக்குப் போக வேண்டும்.

துணி பேடு: உங்கள் கையில்தான் இருக்கிறது

உங்களுக்கு இப்போதைக்குச் சரியான வழி இதுதான் என்று நினைக்கிறேன். துணியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, எந்த ரோல் காட்டன், எதில் லைக்ரா கலந்திருக்கிறது என்பது தொட்டதும் உங்களுக்கே தெரியும். வேஸ்ட் துணியில் தைக்கலாம், ஆனால் சில நிபந்தனைகள். நூறு சதவீதம் காட்டனாக இருக்கட்டும், பாலியஸ்டர் கலந்தது ஈரத்தை உறிஞ்சாது. அடர்த்தியான சாயம் போட்டதும் பிரிண்ட் அடித்ததும் வேண்டாம், தோல் ஏற்கெனவே புண்ணாகியிருக்கிறது. வெளிர்நிறத் துணியாக எடுங்கள், கறை போயிருக்கிறதா என்று பார்க்கவும் அதுதான் வசதி. கட்டிங் டேபிளுக்குக் கீழே தரையில் கிடந்ததை அப்படியே எடுக்காமல், சுத்தமான பீஸாக வாங்கி, தைப்பதற்கு முன் இரண்டு மூன்று முறை நன்றாக அலசுங்கள். தோலில் படும் மேல் அடுக்குக்கு பனியன் துணி அருமையாக இருக்கும். உள்ளே உறிஞ்சுவதற்கு மட்டும், குழந்தைக்கு வாங்குகிற மெத்தென்ற ஃபிளானல் காட்டன் வாங்கிக்கொள்ளுங்கள்.

தைக்கும்போது எல்லா அடுக்கையும் ஒன்றாகச் சேர்த்துக் கெட்டியாகத் தைத்துவிடாதீர்கள். அது காய மழைக்காலத்தில் இரண்டு நாள்கூட ஆகும், உள் அடுக்கில் ஈரம் நின்றால் பூஞ்சை. உறை மாதிரி ஒரு மேல்பகுதி, அதற்குள் மடித்துச் செருகிக்கொள்ள தனி ஃபிளானல் துண்டு என்று செய்தால், பிரித்துத் துவைக்கலாம், அரை நாளில் காய்ந்துவிடும். அளவு தெரிய வேண்டுமானால் விலைக்கு ஒன்று வாங்கி, அதையே பேட்டர்னாக வைத்துக்கொள்ளலாம். ஆரோவில்லில் இருந்து இக்கோ ஃபெம் என்ற அமைப்பு விற்கும் பேடுகள் சுற்றுக் கிராமங்களின் பெண்கள் தைப்பவை. கடையில் மற்ற பிராண்ட் எடுப்பதானால் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பேடுக்கென்றே இந்தியத் தரநிர்ணய அமைவனம் 2021-இல் வெளியிட்ட தரம், ஐஎஸ் 17514, குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். பீரியட் பேண்டீஸ் என்று வருகிறதே, அதுவும் இதே தரத்தின் கீழ்தான் வருகிறது. ராத்திரிக்கும் கடைசி இரண்டு நாளுக்கும் நல்லது, அதிகப்போக்கு நாளில் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

துவைக்கும் முறை எளிது. முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து ரத்தம் போகும்வரை அலச வேண்டும், வெந்நீர் ஊற்றினால் ரத்தம் துணியில் இறுகிக் கறையாகிவிடும். பிறகு சாதாரண சோப்பு, நன்றாக அலசல், வெயில். கம்ஃபர்ட் மாதிரி மென்மையாக்கும் திரவம் ஊற்றினால் உறிஞ்சும் தன்மை போய்விடும். நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், உங்கள் போக்குக்கு அதைவிடச் சீக்கிரம். எனவே ஆரம்பத்தில் வீட்டில் இருக்கும் நேரமும் இரவும் மட்டும் துணி, கம்பெனியில் வாசனை சேர்க்காத நாப்கின் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுசாக மாறினால்தான் மாறியதாக அர்த்தம் என்று எதுவும் இல்லை, பாதி நேரம் பிளாஸ்டிக் படாமல் இருந்தாலே தோல் தேறிவிடும். பழகிய பிறகு கம்பெனிக்கும் கொண்டுபோகலாம். கழற்றியதை உள்பக்கமாக மடித்து ஜிப் பையில் போட்டு, வீட்டுக்கு வந்ததும் ஊறவையுங்கள்.

அத்தை விஷயத்துக்கு வருகிறேன். அவர் காலத்தில் எல்லாரும் பழைய வேட்டி, சேலைத் துணியைத்தான் மடித்து வைத்தார்கள். துவைத்ததை மற்ற துணிக்கு அடியிலோ, குளியலறை மூலையிலோ, மாட்டுக்கொட்டகைச் சந்திலோ ஒளித்துக் காயப்போட்டார்கள், அரைகுறை ஈரத்தோடு திரும்ப எடுத்து வைத்தார்கள். துணி என்றாலே தொற்று என்று பேர் வந்தது இதனால்தான். துணி கெட்டதில்லை, ஒளித்துக் காயப்போட்டதுதான் கெடுதல். இதை அவரிடம் நீங்கள் சண்டையாகச் சொல்ல வேண்டாம், "டாக்டரம்மா சொன்னாங்க, வெயில் படாட்டி மறுபடியும் புண்ணாகுமாம் அத்தை" என்று என் தலையில் போட்டுவிடுங்கள். கிளிப் வைத்த வட்ட ஹேங்கரில் மாட்டி, உள்பாவாடைகளுக்கு நடுவே, காற்றும் வெயிலும் படும்படி தொங்கவிட்டால் பக்கத்து வீட்டுக்கு எதுவும் தெரியாது. அதற்கும் சம்மதிக்கவில்லை என்றால் மேலே மெல்லிய காட்டன் துண்டு ஒன்றைப் போடலாம். அடைமழை நாளில் காய்ந்த பிறகு சூடாக இஸ்திரி போட்டுவிடுங்கள், வாங்கிய பேடாக இருந்தால் பின்பக்கக் கசியாத தாளில் சூடு படாமல். முழுவதும் காயாத துணியை எந்த அவசரத்துக்கும் வைக்கக் கூடாது.

பின்னால் கப் வைப்பதென்றால்

கப் நல்ல பொருள்தான். கேரளாவில் ஆலப்புழை நகராட்சி 2019-இல் 'திங்கள்' என்ற திட்டத்தில் ஐயாயிரம் கப் இலவசமாகக் கொடுத்தது, எர்ணாகுளம் மாவட்டத்துக் கும்பளங்கி ஊராட்சி 2022-இல் நாப்கின் இல்லாத ஊராட்சியாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. 2019-இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் 43 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கசிவு நாப்கின் அளவுக்கு அல்லது அதைவிடக் குறைவாகவே இருந்தது, பழகியவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் தொடர விரும்பினார்கள். ஆனால் பழகுவதற்கே இரண்டு மூன்று சுற்றுகள் ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் மாதமே கம்பெனிக்கு வைத்துக்கொண்டு போகாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வைத்துப் பழகுங்கள்.

பிராண்டைவிட உங்கள் உடம்பின் அளவுதான் முக்கியம். பீரியட்ஸ் சமயத்தில் கையைக் கழுவிவிட்டு ஒரு விரலை உள்ளே விட்டுப் பாருங்கள், மூக்கு நுனி மாதிரி கெட்டியாகத் தட்டுப்படுவதுதான் கர்ப்பப்பை வாய். இரண்டாவது கணு வருவதற்குள் தட்டுப்பட்டால் நீளம் குறைந்த கப் வேண்டும். கப் அதைத் தாண்டிக் கர்ப்பப்பைக்குள் போகவே முடியாது, அந்தத் துவாரம் அவ்வளவு சிறியது. மேலே ஏறிக்கொண்ட மாதிரி இருந்தால் பயப்படாமல் குத்தவைத்து உட்கார்ந்து, முக்கினால் இறங்கிவரும். அடிப்பகுதியை இரண்டு விரலால் அழுத்திப் பிடியை விடுவித்த பிறகே வெளியே எடுக்க வேண்டும், காம்பைப் பிடித்து இழுப்பது வேண்டாம்.

பன்னிரண்டு மணி நேரம் வரை வைக்கலாம் என்று பெட்டியில் போட்டிருக்கும். ஒரு கப்பில் 20 முதல் 30 மில்லி வரைதான் பிடிக்கும், உங்கள் போக்குக்கு முதல் மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை கொட்டியே ஆக வேண்டும். கழிப்பறைக்கு உள்ளேயே குழாய் இல்லை என்றால் உள்ளே போகும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவி, ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோனால் போதும். பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் கை கழுவும் வசதியும் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1948-லேயே எழுதிவைத்த உரிமை. உங்கள் பிரிவில் இத்தனை பெண்கள் இருக்கிறார்கள், சூப்பர்வைசர் என்ற முறையில் உள்ளே ஒரு குழாயும் சோப்பும் கேட்கும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், கேளுங்கள்.

ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னும் பின்னும் தனிப் பாத்திரத்தில், அடி தொடாமல், ஐந்து நிமிடம் கொதிக்கவைத்துக் காயவைத்துத் துணிப்பையில் வையுங்கள், காற்றுப் புகாத டப்பாவில் அடைக்க வேண்டாம். தேங்காய் எண்ணெய் தடவி நுழைக்க வேண்டாம், தண்ணீரில் நனைத்தால் போதும். மிக அரிதாக, உள்ளே வைக்கும் எந்தப் பொருளாலும் ஒரு நச்சுத் தொற்று வரலாம்: திடீரென்று கடும் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, வெயிலில் வெந்த மாதிரி தோல் சிவப்பு, மயக்கம். அப்படி வந்தால் கப்பை எடுத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள், கப் வைத்திருந்ததைச் சொல்லுங்கள்.

தங்கைக்கு

அம்மாவின் பயம் கன்னித்தன்மையைப் பற்றியது. கன்னிச்சவ்வு என்பது பாதையை அடைத்து நிற்கும் மூடி இல்லை, ஓரத்தில் இருக்கும் நெகிழ்வான திசு மடிப்பு. ஏற்கெனவே அதில் வழி இருப்பதால்தான் மாதாமாதம் ரத்தம் வெளியே வருகிறது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வடிவம், சிலருக்குப் பிறவியிலேயே பேருக்குத்தான் இருக்கும். கப் வைத்தால் அது விரியலாம், கொஞ்சம் கிழியவும் செய்யலாம், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அதைப் பார்த்து ஒரு பெண் உறவு கொண்டவளா இல்லையா என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. இரு விரல் சோதனைக்கு அறிவியல் அடிப்படையே இல்லை என்று 2022-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

19 வயது ஆகிவிட்டது, தன் உடம்புக்கு எது என்று முடிவு செய்ய வேண்டியவள் அவள்தான், அம்மாவும் இல்லை, நீங்களும் இல்லை. அவளுக்கே தயக்கம் இருந்தால் அவசரமே இல்லை, துணி பேடோ பீரியட் பேண்டீஸோ போதும். ஆசைப்பட்டால் சின்ன அளவில், மென்மையான கப்பாக வாங்கட்டும். ஹாஸ்டலில் கொதிக்கவைக்க வசதி இருக்கிறதா என்பதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் சுற்று முடிந்து வீட்டுக்கு வரும்போது கொதிக்கவைக்கலாம், அல்லது சுடுதண்ணீர் ஊற்றி வைக்கும் மடக்குக் கிண்ணம் கிடைக்கிறது. வலித்தால் அழுத்தித் திணிக்கக் கூடாது. இரண்டு மூன்று மாதம் முயன்றும் நுழையவே இல்லை என்றால் ஒரு பெண் மருத்துவரைப் பார்க்கட்டும், சிலருக்கு உள்ளே குறுக்கே ஒரு திசுப்பட்டை இருக்கும், சின்னச் சிகிச்சையில் சரியாகிவிடும்.

தோழி தருகிற கப்பை வாங்காதீர்கள். ஒரே தடவை வைத்ததாகவே இருந்தாலும், கொதிக்கவைத்தே கொடுத்தாலும், ஒருவர் உள்ளே வைத்ததை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது. அவருக்கு ஏன் ஒத்துவரவில்லை என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்; எடுக்கும்போது வலித்தது என்றால் பிடியை விடுவிக்காமல் இழுத்திருப்பார், கசிந்தது என்றால் உள்ளே முழுதாக விரியாமல் இருந்திருக்கும், இரண்டுமே அவரே திரும்ப முயன்று பார்க்கக்கூடிய விஷயங்கள். நீங்கள் டாக்டரிடம் போகும்போது காப்பர் டி போட்டபோது கொடுத்த அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், எந்த வகை, எப்போது போட்டது என்பது அதில் இருக்கும். எத்தனை நாள் போகிறது, ஒரு நாளைக்கு எத்தனை பேடு, கட்டி விழுகிறதா என்று இந்த மாதத்துக் கணக்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள், ஓபியில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் அந்தத் தாளை நீட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும்.